கபுரேவைத் தொலைத்த ஒசானா

ஊபா ஊரில் மரச்சாமான் வேலையோடு சம்பந்தமே இல்லாத குடும்பம் என்று ஒன்றைத் தேடினால் நாள் பூராவும் தேட வேண்டியதுதான். ஒசானா பிக்காலியுவின் அப்பா கட்டில் கால் கடைந்தவர், இரண்டு அண்ணன்களும் வார்னிஷ் அடிப்பவர்கள். ஒசானாவுக்கு மட்டும் மரத்தூள் ஆகவே ஆகாது. பட்டறைப் பக்கம் போனாலே தும்மித் தீர்த்துவிடுவாள். அதனால் படிக்கப் போனாள், கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டாள், திரும்பி வந்து அதே ஊரில் ஒரு அலமாரித் தொழிற்சாலையின் ஆபீசில் உட்கார்ந்தாள். ஒரு முழுப் பலகையை எப்படி அறுத்தால் குறைவாக வீணாகும் என்று கணக்குப் போடும் ப்ரோகிராம் எழுதுவது அவள் வேலை. கல்யாணம் ஒன்று பண்ணிப் பார்த்தாள், ஒத்துவரவில்லை, விட்டுவிட்டாள். அதைப் பற்றிக் கேட்டால், "அந்தக் கதைய விடு, வேற பேசு" என்பாள். நாமும் விட்டுவிடுவோம்.

படிக்கப் போன இடத்தில் ஹாஸ்டல் பெண்களிடமிருந்து அவளைத் தொற்றிக்கொண்டது இந்த மேசை ஆட்டம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் மேஸ்திரி; கதையை அவர்தான் நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள், திருடன், வீரன், மந்திரக்காரி என்று. வேஷம் என்றால் உடுத்திக்கொள்வதில்லை, வாயால்தான். "என் ஆளு கதவைத் தட்டறான்" என்று ஒருவர் சொன்னால், கதவைத் திறப்பது யார் என்று மேஸ்திரி சொல்ல வேண்டும். சண்டை வந்தால் பகடை தீர்ப்புச் சொல்லும். அவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களிடம் ஒசானா பதில் சொல்லி மெனக்கெடுவதில்லை. ஒரு தரம் உட்கார்ந்து பார் என்பாள்.

ஊபாவுக்கு வந்ததும் ஒரு கூட்டம் சேர்த்தாள். சித்தப்பா மகள் நில்சேயா, மருந்துக்கடை வைத்திருப்பவள், வாயில் சுண்ணாம்பு தடவினாலும் பேச்சு நிற்காது. ஒட்டாசிலியோ, வார்னிஷ் வியாபாரி, தின்பதற்கே வருகிறானோ என்று சந்தேகப்பட வைப்பவன். அப்புறம் அடெல்மோ. அதே தொழிற்சாலையில் சோபா தைப்பவன், ஒசானாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு ஆனதும் அவள் வீட்டுப் பின்கட்டில், தகரக் கூரைக்கடியில், மாமரத்து நிழல் பாதி விழும் மேசையில் கூடுவார்கள். ஒசானா மேஸ்திரி.

அவள் உயிரை வாங்கியவன் அடெல்மோதான். இவள் வாரம் முழுக்க மூளையைக் கசக்கி ஒரு கோட்டை, அதில் ஒரு பேய், அதற்கொரு சாபம் என்று தயார் பண்ணி வைத்திருப்பாள். அவனுடைய ஆள் டோர்குவாட்டோ என்ற திருடன், கோட்டைக்குப் போகிற வழியில் நின்றுவிடுவான்.

"அதோ அந்தப் பக்கம் ஏதோ ஊர் தெரியுதே, அது என்ன ஊரு?"

"அது சும்மா ஒரு ஊருடா. நீ கோட்டைக்குப் போ."

"சும்மா ஒரு ஊருன்னா? பேரில்லையா அதுக்கு? காபி கிடைக்குமா? கடைக்காரி யாரு? அவ புருஷன் எங்க போனான்?"

ஒசானாவின் கையில் இருப்பது கோட்டை. இவனுக்கு வேண்டியது காபிக்கடை. எல்லா மேஸ்திரிகளுக்கும் உள்ள தலைவலிதான் இது. மற்றவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளிப்பார்கள். ஒசானாவுக்கு அது வராது. அவள் அதற்கும் ஒரு ப்ரோகிராம் எழுத உட்கார்ந்தாள்.

ஊராக்கி என்று அதற்குப் பெயர் வைத்தாள். அவளுக்குத் தெரிந்த வித்தை பலகை அறுப்பதுதானே? ஊர் நிலத்தையும் ஒரு பலகையாக வைத்துக்கொண்டாள். முதலில் கோயில் மைதானத்தை அறுத்தாள், அப்புறம் தெருக்கள், அப்புறம் மனைகள். முதல் ஊர் அச்சாகி வந்தபோது பெருமையோடு மேசையில் விரித்தாள். நில்சேயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"ஏன்டி, இது ஊரா, அலமாரியா?"

பார்த்தால் அப்படித்தான் இருந்தது. ஓர் அங்குலம் வீணாகாத ஊர். குட்டிச்சுவர் இல்லை, முட்டுச்சந்து இல்லை, கழுதை மேய ஒரு பொட்டல் இல்லை. தொழிற்சாலையில் வீணாக்காமல் அறுத்து அறுத்துப் பழகிய கை. அன்றைக்கு ஒசானாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ரேடியோ சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் மாதிரி 'வீண்' என்று ஒரு திருகாணி வைத்தாள். அதைத் திருகத் திருக நிலம் கோணிக்கொள்ளும், தெரு வளையும், மூலைமுடுக்கில் முக்கோணத் துண்டுகள் மிஞ்சும். அந்தத் துண்டுகளில் ஏழைகளைக் குடிவைத்தாள். அதற்குப் பிறகுதான் ஊர் ஊர் மாதிரி ஆனது. பிறகு வேண்டியதையெல்லாம் கூட்டிக்கொண்டே போனாள். தண்ணீருக்கு ஒரு திருகாணி, மேட்டுக்கு ஒன்று, பணத்துக்கு ஒன்று, பாதிரியார் சொல்லுக்கு எவ்வளவு மரியாதை என்பதற்கு ஒன்று, ஊர்வம்புக்கு ஒன்று.

இதில் ஒரு சங்கதி உண்டு. ஊராக்கி எந்த ஊரையும் சேமித்து வைப்பதில்லை. ஓர் எண்ணைக் கொடுத்தால், அந்த எண்ணிலிருந்து எண்களாகப் பிறந்து வரிசையாக வரும். முதலில் வருவதை ஆற்றுக்கு எடுத்துக்கொள்ளும், அடுத்ததைத் தெருவுக்கு, அடுத்ததை வீட்டுக்கு, ஆளுக்கு, ஆளின் பெயருக்கு, அவன் யாரோடு சண்டை என்பதற்கு. எத்தனை தரம் போட்டாலும் அதே எண்ணுக்கு அதே ஊர்தான், கிணற்றங்கரைக் கல் உட்பட. ஆகவே மேஸ்திரிகள் எண்ணை மட்டும் குறித்து வைத்துக்கொண்டால் போதும். வலைத்தளத்தில் சும்மா போட்டுவிட்டாள் ஒசானா. எங்கெங்கிருந்தோ எழுதினார்கள். சாராயக்கடையே இல்லாத ஊர் வேண்டும் என்று ஒருவர், சாராயக்கடை மட்டுமே உள்ள ஊர் வேண்டும் என்று இன்னொருவர். அவளுக்கு வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷம் கிடையாது.

அப்படி ஓர் எண்ணிலிருந்து வந்ததுதான் கபுரே. ஆற்றுவளைவில் ஒரு சின்ன ஊர். டோர்குவாட்டோ ஓர் இரவு தங்கப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். திருட்டை விட்டான், மணிக்கூண்டுக்கு எதிரில் ஒரு சத்திரத்தை வாங்கினான். பாலாடைக்கட்டி விற்கும் விதவை ஃபிர்மினா தினமும் அவன் வாசலில் வந்து கத்துவாள். எங்கே போனாலும் கபுரேவுக்குத் திரும்பித்தான் அடுத்த கதை. வருஷக்கணக்கில் இப்படி ஓடியது.

அந்தச் சமயத்தில் அடெல்மோவின் மனைவி அவனை விட்டுப் போனாள். ஊபா சின்ன ஊர். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தொழிற்சாலையில் லேசான வேலையாகப் பார்த்துக் கொடுத்தார்கள். ரொட்டிக்கடையில் இரண்டு ரொட்டி கூடப் போட்டுக் கொடுத்தார்கள். அவன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தான். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டத்தில் மணிக்கூண்டு மேல் ஒரு சண்டை. மேஸ்திரிக்கு முன்னால் ஒரு மடக்கு அட்டை நிற்கும். அதற்குப் பின்னால் பகடை உருட்டுவது மேஸ்திரியின் உரிமை, யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. டோர்குவாட்டோவைத் தாக்க வந்தவனுக்காக ஒசானா இருபது முகப் பகடையை உருட்டினாள். இருபது விழுந்தது. அதற்குமேல் பகடையில் எண் கிடையாது. டோர்குவாட்டோவின் கதை முடிந்தது என்று அர்த்தம். ஒசானா அடெல்மோவின் முகத்தைப் பார்த்தாள், பகடையைக் கையால் மூடினாள்.

"தப்பிச்சடா. குறி தவறிடுச்சு" என்றாள்.

உள்ளேயிருந்து தின்பண்டத்தோடு வந்துகொண்டிருந்த ஒட்டாசிலியோ பின்னாலிருந்து பகடையைப் பார்த்துவிட்டான். கொஞ்ச நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தான். பிறகு ஒருநாள் பீர் உள்ளே போனதும் சிரித்துக்கொண்டே உளறிவிட்டான். அடெல்மோ சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு வந்தான், உட்காரவில்லை.

"எனக்குப் பாவம் பாருன்னு உன்கிட்ட யாரு கேட்டா?"

"டேய், ஒரு பகடைக்குப் போயி..."

"ஊர் பூரா என்னைப் பாத்து 'ச்சு' கொட்டுதுடி. இந்த மேசை ஒண்ணுலதான் யாரும் எனக்குப் பாவம் பாக்கலன்னு நெனச்சு வந்துட்டிருந்தேன். இங்கயும் அதானா?"

போய்விட்டான். தொழிற்சாலையில் பார்த்தால் தலையசைப்பான், அவ்வளவுதான். அவன் நாற்காலியில் யாரையும் உட்கார வைக்க ஒசானாவுக்கு மனசு வரவில்லை. மூன்று பேராக ஆட்டம் நொண்டியடித்தது. டோர்குவாட்டோ எங்கேயோ வெளியூர் போயிருக்கிறான் என்று கதையில் சொல்லிக்கொண்டார்கள். கபுரேவுக்கு மறுபடி போகவில்லை.

மூன்று வருஷம் போனது. அப்போதுதான் நில்சேயா இன்னொரு குண்டைப் போட்டாள்.

"உன் ஊர்ல எனக்கு ஒண்ணு மட்டும் புரியலடி. இத்தனை பேர் இருக்காங்க, ஒருத்தருக்கு ஒருத்தர் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. இது என்ன ஊரா, பஸ் ஸ்டாண்டா? நம்ம ஊர்ல என் கடைக்கு வர்றவன்ல பாதிப் பேர் எனக்குச் சொந்தம். கடன் சொல்லிட்டுப் போறதும் அவனுங்கதான்."

ஒசானாவுக்கு மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. இரண்டு மாசம் வேறு நினைப்பே இல்லை. 'உறவு' என்று ஒரு திருகாணி வைத்தாள். கொல்லன் பெண்டாட்டி பாதிரியாரின் தங்கை, தங்கையோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை, பேச்சில்லாததற்குக் காரணம் பாட்டன் சொத்து என்று ஊர் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. அதைச் செய்வதற்காக உள்ளே பலதையும் மாற்றினாள், முன்னதைப் பின்னே போட்டாள், பின்னதை முன்னே இழுத்தாள். பழசின் மேலேயே சேமித்தாள். வலைத்தளத்திலும் பழசை எடுத்துவிட்டுப் புதுசைப் போட்டாள். தொழிற்சாலை ப்ரோகிராமுக்கு நகல் எடுத்து நகலுக்கும் நகல் எடுக்கிறவள், தன் சொந்தச் சாமானுக்கு ஒரு பிரதிகூட வைத்துக்கொள்ளவில்லை.

சில நாளில் வடக்கே ஃபோர்ட்டலேசாவிலிருந்து ஒரு மேஸ்திரி எழுதினார்: எங்கள் ஊரில் இருந்த கொல்லனைக் காணோமே? எண்ணைச் சரியாகப் போட்டுப் பாருங்கள் என்று ஒசானா பதில் போட்டாள். இன்னும் இரண்டு பேர் எழுதினார்கள். அவர்களுக்கும் அதே பதில்.

அதே வாரம் அடெல்மோ தலைவலி மாத்திரை வாங்க நில்சேயா கடைக்குப் போயிருக்கிறான்.

"ஏன்டா, இன்னும் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுத்தான் திரியறியா? மாத்திரை தின்னா அது எறங்காது."

"உன் வாய்க்கு ஒரு மாத்திரை இருந்தா குடு, அதையும் வாங்கிக்கறேன்."

இப்படி ஆரம்பித்த பேச்சு எங்கெங்கோ போய், கடைசியில், "அந்த ஃபிர்மினா இன்னும் கத்திட்டுத்தான் இருப்பாளோ?" என்று அவன் கேட்டிருக்கிறான். நில்சேயா விடுவாளா? அங்கேயே ஒசானாவுக்குப் போனைப் போட்டு அவன் காதில் வைத்துவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை வரேன்" என்றான் அடெல்மோ. "ஆனா கபுரேவுக்குத்தான் போகணும். வேற எங்கயும் கூப்பிடாத. என் சத்திரத்தைப் பாக்கணும்."

"வாடா. ஊர் எங்க போயிடப்போகுது? அப்படியேதான் இருக்கு" என்றாள் ஒசானா. போனை வைத்ததும் சந்தோஷத்தில் சமையல்கட்டுக்கும் பின்கட்டுக்கும் நாலு நடை நடந்தாள். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து கபுரேவின் எண்ணைப் போட்டாள்.

ஆறு இருந்தது. அதே வளைவு. மற்றது ஒன்றுகூட இல்லை.

மணிக்கூண்டு இல்லை. சத்திரம் இருந்த இடத்தில் ஒரு லாடக்காரன் வீடு. ஃபிர்மினா என்ற பெயரில் ஒரு பூனைகூட இல்லை. எண்ணை மறுபடி போட்டாள், மறுபடியும் போட்டாள். அப்புறம்தான் உறைத்தது. டிக்கெட் வரிசையில் நடுவில் ஓர் ஆள் நுழைந்தால் பின்னால் நிற்கிற அத்தனை பேருக்கும் இடம் மாறிவிடும் இல்லையா? உறவுக்கென்று நடுவில் அவள் எடுத்த ஒவ்வோர் எண்ணும் பின்னால் வந்த அத்தனையையும் நகர்த்திவிட்டது. ஆறு முதலில் வருவதால் தப்பித்தது.  ஃபோர்ட்டலேசாக்காரருக்கு எழுதிய பதிலை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. மாற்றியதையெல்லாம் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். எதை எங்கிருந்து எங்கே போட்டோம் என்று ஞாபகமே வரவில்லை. எழுதியவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பழைய பிரதி யாரிடமாவது உண்டா என்று விசாரித்தாள். எல்லோரும் வலைத்தளத்திலேயே ஓட்டியவர்கள். அவளும் கபுரேவைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வைத்தவள் இல்லை. எண் இருக்கும்போது எதற்கு என்று இருந்துவிட்டாள்.

ஞாயிறு மத்தியானம் ஒட்டாசிலியோவும் நில்சேயாவும் முன்னாலேயே வந்துவிட்டார்கள். விஷயத்தைச் சொன்னாள்.

"அட, இதுக்கா இந்த மூஞ்சி?" என்றான் ஒட்டாசிலியோ, பாலாடைக்கட்டி உருண்டையை வாயில் போட்டுக்கொண்டே. "மணிக்கூண்டு, சத்திரம், அந்தக் கத்தறவ. மூணையும் கையால எழுதிப் போட்டுடு. மிச்சத்தை யாரு பாத்தா? அட்டைக்குப் பின்னால என்ன இருக்குன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? உனக்குத்தான் பழக்கமாச்சே."

"வாயை மூடிட்டுத் தின்னுடா" என்றாள் நில்சேயா. ஆனால் அவளும் வேறு வழி சொல்லவில்லை.

அடெல்மோ வந்தான். முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, கையில் ஒரு பை மாம்பழம். மாம்பழத்துக்குப் பேர்போன ஊபாவில் மாம்பழம் கொண்டு வருவது ஆற்றுக்குத் தண்ணீர் கொண்டு போகிற மாதிரி. அதுவும் மாமரம் உள்ள வீட்டுக்கு. யாரும் கிண்டல் பண்ணவில்லை. தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தான், டோர்குவாட்டோவின் பலம், உயிர்க்கணக்கெல்லாம் எழுதிய தாளை மடிப்புப் பிரித்து மேசையில் வைத்து நீவினான். மூன்று வருஷமாகப் பத்திரமாக வைத்திருக்கிறான் மனுஷன்.

ஒசானா மடக்கு அட்டையை நிறுத்தினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சாயங்காலம். ஆத்தோட வளைவு தெரியுது. டோர்குவாட்டோ பாலத்துக்கு இந்தப் பக்கம் நிக்கறான்."

"மணிச் சத்தம் கேக்குதா?" என்றான் அடெல்மோ. குரலே மாறியிருந்தது.

"கேக்குது."

அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து ஒட்டாசிலியோ மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"ஃபிர்மினா? அவ இருக்காளா? திட்டறதுக்கு வந்து நிக்கறாளா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அது ஒசானாவின் நாக்கு நுனி வரை வந்தது. அவள் அட்டையை மடக்கினாள், எடுத்துக் கீழே தரையில் போட்டாள்.

"இல்லடா. ஃபிர்மினா இல்ல. மணியும் இல்ல, கேக்குதுன்னு பொய் சொன்னேன். கபுரேவையே தொலைச்சுட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். திருகாணி வைத்தது, வரிசை கலைந்தது, நகல் எடுக்காதது, இப்போது ஏமாற்றப் பார்த்தது எல்லாம். அடெல்மோ எழுந்து மாமரத்தடிக்குப் போய் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். போயிட்டான், இனி வரமாட்டான் என்று ஒசானாவுக்கு நிச்சயமாகிவிட்டது. 

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தான்.

"இப்ப அந்த நம்பரைப் போட்டா என்ன வருது? காட்டு."

காட்டினாள். அவன் திரையில் விரலை வைத்துத் தெருத்தெருவாகப் போனான். தன் சத்திரம் இருந்த இடத்தில் விரல் நின்றது.

"லாடக்காரன்."

"ஆமா."

"சரி. என் ஆளு மூணு வருஷம் கழிச்சு ஊருக்கு வரான். ஊரே மாறிப்போச்சு. அவனுக்கு அது தெரியாது. நேரா தன் வீட்டுக்குப் போறான். கதவைத் தட்டறான்."

ஒசானா அவனையே பார்த்தாள். பிறகு குரலை மாற்றிக்கொண்டாள், லாடக்காரன் மனைவியாக. "யாருப்பா நீ? யாரு வீட்டு ஆளு?"

"இது என் வீடும்மா."

"உன் வீடா? இந்த ஊர்ல எங்களுக்குச் சொந்தமில்லாத ஆளே கிடையாது. உன்னை நான் பாத்ததே இல்லையே. யாரு வீட்டுப் பிள்ளைன்னு கேக்கறேன், சொல்லேன்."

  "தள்ளும்மா, உள்ள போகணும்" என்று டோர்குவாட்டோ கதவைத் தள்ளினான். அவள் கூச்சல் போட்டாள். லாடக்காரன் சம்மட்டியோடு வந்தான், பின்னாலேயே மச்சான்கள், சித்தப்பன் பிள்ளைகள், ஒரு தெருவே வந்துவிட்டது. ஓடிப்போகிறாயா என்று ஒசானா கேட்டாள். தன் வீட்டை விட்டு என் ஆள் ஓட மாட்டான் என்றான் அடெல்மோ.

ஒசானா பகடையை எடுத்தாள்.  நடு மேசையில், நாலு பேர் கண்ணெதிரே உருட்டினாள். பத்தொன்பது. ஒட்டாசிலியோ, "ஐயோ" என்றான். அடி எவ்வளவு பலம் என்பதற்கு இன்னொரு பகடை. அதையும் அங்கேயே உருட்டினாள். டோர்குவாட்டோவின் தாளில் இருந்த உயிரைவிட அது அதிகம்.

 அடெல்மோ பகடையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"செத்துட்டான்டா" என்றாள் ஒசானா. "வாசப்படியிலயே. டோர்குவாட்டோ செத்துட்டான்." சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

அடெல்மோ டோர்குவாட்டோவின் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.  பிறகு திரையைத் தன் பக்கம் திருப்பி லாடக்காரன் பேரைத் தொட்டான். அவனுடைய சொந்தபந்தம் வரிசையாக விரிந்தது. ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே போனான்.

"இந்த ஒண்ணுவிட்ட தம்பி ஒருத்தன் இருக்கானே, ஊரைவிட்டுப் போனவன்னு போட்டிருக்கு. அவன் எங்க இருக்கான்?"

"தெரியாது. அது இன்னும் யாருக்கும் தெரியாது" என்றாள் ஒசானா.

"வெத்துத் தாள் ஒண்ணு குடுடி, இனி அவன்தான் என் ஆளு" என்றான் அடெல்மோ. "டோர்குவாட்டோ சாவுக்கு அவனும் வருவான்ல."